முக்குளத்து மருதிருவர்: ஒரு வீட்டின் இழப்பு சீமையின் நினைவான வரலாறு

காரியாபட்டிக்குக் கிழக்கே, நரிக்குடி வட்டாரத்தில் இருக்கிறது முக்குளம். மொக்கைப் பழனியப்பன் சேர்வைக்கும் பொன்னாத்தாளுக்கும் பெரிய மருது, சின்ன மருது என்ற இரு ஆண்மக்கள் பிறந்த ஊர் அது. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கும்பினியார் இருவரையும் தூக்கிலிட்டனர். அந்தச் சாவு எந்தெந்த வடிவங்களில் நினைவில் நின்றது, அந்த நினைவிலிருந்து யார் யார் நழுவிப்போனார்கள் என்பதே இக்கட்டுரை தேடுவது.

பின்னணி பலரும் அறிந்ததுதான். 1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கும்பினிப் படையின் கையில் மாண்டார். விருப்பாச்சியில் அடைக்கலம் புகுந்த அவர் மனைவி வேலுநாச்சியார் 1780இல் சிவகங்கையை மீட்டபோது அவருக்குத் துணைநின்றவர்கள் மருதிருவர். 1801இல் வேறோர் அடைக்கலம் அவர்களைப் போருக்குள் இழுத்தது. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டிருந்தார். அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி மறுபடி வீழ்ந்ததும் மருதிருவரிடம் வந்து சேர்ந்தார். அண்ணனைப் பறிகொடுத்து வந்தவரைக் காட்டிக்கொடுக்க அந்த அண்ணன் தம்பிக்கு மனம் வரவில்லை. ஜூன் 16 அன்று திருச்சியில் ஒட்டப்பட்ட சின்ன மருதுவின் அறிக்கை, பகையை ஊரறியச் சொல்லிவிட்டது.

இருவரைப் பற்றிய மிக நெருக்கமான எழுத்துச் சித்திரத்தைத் தந்தவர் எதிரிப் படையில் இருந்த ஓர் அதிகாரி. 1795இல் சின்ன மருதுவோடு பழகிய ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் இலண்டனில் வெளியிட்ட தம் இராணுவ நினைவுக் குறிப்புகளில் அந்த நட்பை மறைக்கவில்லை. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்கிறார். சின்ன மருதுவின் சிறுவயல் அரண்மனைக்குள் காவல் தடையில்லாமல் யாரும் போய்வர முடிந்தது என்கிறார். வேட்டைப் பிரியரான பெரிய மருது ஆற்காட்டு வெள்ளி ரூபாயை விரலால் வளைத்துவிடுவாராம். அதே வெல்ஷ் ஆறு ஆண்டுகள் கழித்து அவர்கள்மீது போன படையிலும் இருந்தார். காட்டு விலங்கை வேட்டையாடுவதுபோல் சின்ன மருதுவைத் துரத்தி, தொடை முறிந்த நிலையில் பிடித்துத் தூக்கிலிட்டதை வருத்தத்தோடுதான் பதிவு செய்கிறார். வென்றவரின் ஏட்டில் தோற்றவருக்கு இவ்வளவு மரியாதை கிடைப்பது அரிது.

சீமை மக்களின் நினைவு இதிலிருந்து மாறுபடுகிறது. மருதிருவர் வெளியே வராவிட்டால் காளையார்கோவில் கோபுரத்தை இடித்துவிடுவோம் என்று கும்பினியார் மிரட்டியதாகவும், கோபுரத்துக்காக அவர்கள் தாமே தலைகொடுத்ததாகவும் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். வெல்ஷ் சொல்வதோடு இது ஒட்டவில்லை. ஆனால் வெறுங்கதை என்று தள்ளிவிடவும் கூடாது என்பது என் கருத்து. அந்தப் பெரிய இராசகோபுரத்தை எழுப்பியவர்கள் மருதிருவர். மானாமதுரையிலிருந்து செங்கல் கைமாறிக் கைமாறி வந்த கதையை இன்றும் அங்கே கேட்கலாம். தாங்கள் சுமந்த கல்லோடு தங்கள் தலைவரின் சாவை இணைத்துப் பார்க்க மக்கள் விரும்பியதில் வியப்பில்லை. இருவரின் சமாதியும் அந்தக் கோயிலின் எதிரிலேயே அமைந்திருக்கிறது.

கோயிலுக்கு அடுத்தபடியாக நினைவைக் காத்தது பாட்டு. சிவகங்கைச் சரித்திரக் கும்மியும் அம்மானையும் ஏட்டுச்சுவடியிலேயே நெடுங்காலம் கிடந்து, 1954இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் வழியாக அச்சேறின. 1959இல் கண்ணதாசன் தயாரித்த ‘சிவகங்கைச் சீமை’ திரைப்படம் வெளிவந்தது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வந்ததும் அதே ஆண்டு என்பதால் பாஞ்சாலங்குறிச்சிச் சகோதரர்களின் புகழ் முந்திக்கொண்டது. 1971இல் வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன், 1800–1801 கிளர்ச்சியைப் பாளையக்காரர்களின் தனித்தனிக் கலகங்களாகப் பார்க்காமல் ஒருங்கிணைந்த தென்னிந்தியப் போராக எழுதினார். அந்த நூலுக்குப் பிறகே மருதிருவர் கல்விப்புலத்தில் உரிய இடம் பெற்றனர். அஞ்சல்தலை வர 2004 ஆனது. இன்று அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் அரசு விழா, 27இல் காளையார்கோவிலில் குருபூசை.

இத்தனையிலும் நினைவு இரண்டு பெயர்களைச் சுற்றியே நிற்கிறது. அந்த வீடு இழந்தது இருவரை மட்டுமல்ல. மருதிருவரின் மக்களிலும் உறவினரிலும் பலர் அந்த வேட்டையில் கொல்லப்பட்டனர். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி அப்போது பதினைந்து வயதுப் பையன். சிவகங்கை அரசர் வேங்கன் பெரிய உடையத்தேவர் உள்ளிட்ட 73 பேரில் ஒருவனாக அவனையும் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். 1818இல் அங்கே போன வெல்ஷைத் தேடி ஒருவர் வந்தார். வயதுக்கு மீறிய முதுமையும் தளர்ச்சியுமாக நின்ற அவரை வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகே, சிறுவயலில் தாம் பார்த்த பையன் என்று விளங்கியது.

கும்மியும் திரைப்படமும் பெரிதாகச் சொல்லாத பகுதி இதுதான். அண்ணன் தம்பி என்ற உருவம் பாட்டுக்கும் சிலைக்கும் எளிதில் வசப்பட்டது. உயிரோடு கடல் கடத்தப்பட்டவர்களுக்குச் சமாதியும் இல்லை, குறிக்கத்தக்க ஒரு நாளும் இல்லை. 1801இன் கணக்கு அக்டோபர் 24ஓடு முடிந்துவிடவில்லை. நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை தூக்கிலேறியபோதும் முடியவில்லை. முக்குளத்து வீட்டைப் பொறுத்தவரை, பதினேழு ஆண்டுகள் கழித்துப் பினாங்கிலும் அது நீண்டுகொண்டிருந்தது. மருதிருவர் ஆய்வு காளையார்கோவில் வாசலோடு நின்றுவிடாமல், நாடு கடத்தப்பட்ட அந்த 73 பேரையும் பெயர் பெயராகத் தேடிக் கணக்கில் சேர்க்க வேண்டும்.