எஸ்கியூலைட் வரம்புகளும் நினைவகச் செலவும்
2000-இல் டி. ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட எஸ்கியூலைட், தனி சர்வர் இன்றிச் செயலிக்குள்ளேயே இயங்கும் தரவுத்தள மென்பொருளாகும். இதன் உச்சவரம்புகள் மூலநிரலைக் கம்பைல் செய்யும்போதே நிர்ணயிக்கப்படுகின்றன. இயங்குகையில் அவற்றைக் குறைக்கலாமே தவிர, அந்த உச்சத்தைத் தாண்ட இயலாது. எல்லா வரம்புகளும் நினைவகத்தை ஒரேபோல் விழுங்குவதில்லை. சரமொன்றின் நீளம் இயல்பாக 100 கோடி பைட் வரை அனுமதிக்கப்பட்டாலும், அத்தகைய சரம் வரும்வரை செலவேதுமில்லை. மாறாக, வினவலில் பின்னர் மதிப்பு நிரப்புவதற்கென விடப்படும் அளவுருவை ?30000 என எண்ணிட்டு ஒன்றே ஒன்று எழுதினாலும், 1 முதல் 30000 வரை அனைத்துக்கும் இடம் ஒதுக்கப்படுகிறது. 999 ஆக இருந்த அளவுரு எண்ணின் வரம்பு 2020-இன் 3.32.0 பதிப்பில் 32766 ஆக உயர்ந்ததால், சிறு கருவிகளுக்கு நிரலெழுதுவோர் அதைத் தாழ்த்திக்கொள்வதே நல்லது. தரவுப் பக்கங்களைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் கேஷ், ஒவ்வொரு தரவுத்தளக் கோப்புக்கும் தனித்தனியே சுமார் 2 எம்பி வரை வளரக்கூடியது என்பதால், கூடுதலாக இணைக்கத்தக்க கோப்புகளுக்கான 10 என்ற இயல்பு வரம்பும் அக்கருவிகளுக்குத் தாராளமே.