கேன்சர் கட்டிக்கு வாய்க்கால் வெட்டுவது யார்? கடைமடை ஊர்க்காரங்களுக்கு ஈஸியா புரியுற ஒரு சயின்ஸ்!

மேட்டூர்ல தண்ணி திறந்தாச்சுன்னு டி.வி-யில பிரேக்கிங் நியூஸ் ஓடும். ஆனா, குரும்பகரத்துல வயல் வெச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட கேட்டுப் பாருங்க, 'நம்ம வாய்க்காலுக்கு வரட்டும், அப்புறம் பார்ப்போம்'னுதான் சொல்லுவார். காரணம் சிம்பிள். காவிரியில் காரைக்கால் கடைமடை. கல்லணையைத் தாண்டி, டெல்டா முழுக்கப் பாய்ந்து, மிச்சம் இருக்கிறதுதான் இங்கே வந்து சேரும். புதுச்சேரிக்குன்னு 7 டி.எம்.சி ஒதுக்கீடு தீர்ப்பிலேயே இருக்கு. ஆனா காகிதத்தில் இருக்கிற தண்ணி வயலுக்கு வரணும்னா, நடுவுல இருக்கிற வாய்க்கால் உருப்படியா இருக்கணும்.

சரி, கேன்சர் பத்திப் பேச வந்துட்டு எதுக்கு இந்த வாய்க்கால் கதைன்னு யோசிக்கிறீங்களா? இதே கேள்வியை வெச்சுக்கிட்டு வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி பண்ணின ஒரு இந்தியர் இருக்கார். பெயர், ராகேஷ் கே.ஜெயின். 'மருந்து இருக்கு, ஆனா அது கட்டிக்குள்ள போய்ச் சேருதா?' இதுதான் அவரோட கேள்வி.

கட்டிக்கு எதுக்கு ரத்தக் குழாய்?

நம்ம உடம்பில் பெரும்பாலான செல்கள் ரத்தக் குழாயை விட்டு ரொம்ப தூரம் தள்ளி உயிர்வாழ முடியாது. ஆக்சிஜனும் சத்தும் குழாயிலிருந்து கசிஞ்சு வந்துதான் செல்லுக்குக் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு தூரம் வரைதான் அந்தக் கசிவு எட்டும். கேன்சர் செல்லுக்கும் இதே விதிதான். அதனால, கட்டி ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்ததும் உள்ளே இருக்கிற செல்கள் பட்டினியாகும்.

அப்போ அது ஒரு வேலை பண்ணும். பக்கத்தில் இருக்கிற ரத்தக் குழாய்களுக்கு 'எனக்கும் ஒரு கிளை விடு'ன்னு கெமிக்கல் சிக்னல் அனுப்பும். அந்த சிக்னல்களில் முக்கியமானது வி.ஈ.ஜி.எஃப் என்கிற புரதம். உடனே நல்ல குழாயிலிருந்து புதுசா முளை கிளம்பி கட்டிக்குள்ளே போகும். இப்படிப் புது ரத்தக் குழாய் உருவாவதைத்தான் 'ஆஞ்சியோஜெனிசிஸ்'னு சொல்றாங்க.

இது கெட்ட விஷயம் மட்டும் இல்லை. காயம் ஆறும்போதும், கருவில் குழந்தை வளரும்போதும், மாதவிடாய் முடிந்து கருப்பையின் உள்சுவர் திரும்ப வளரும்போதும் இதேதான் நடக்குது. ஆனா, அங்கெல்லாம் வேலை முடிஞ்சதும் மடையை அடைச்சிடும் நம்ம உடம்பு. கேன்சரில் அந்த மடை அடைபடவே அடைபடாது.

'தண்ணியை நிறுத்து!' - ஃபோக்மன் ஐடியா

இதை முதலில் உரக்கச் சொன்னவர் ஜூடா ஃபோக்மன், பாஸ்டனைச் சேர்ந்த குழந்தைகள் சர்ஜன். 1960-களில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தப்போ, உடம்புக்கு வெளியே உயிரோடு வெச்சிருந்த தைராய்டு சுரப்பியில் கேன்சர் செல்களை விட்டுப் பார்த்தார். சின்னப் புள்ளி அளவுக்கு வளர்ந்து அப்படியே நின்னுடுச்சு. அதே கேன்சரை எலிக்குள் வெச்சா, கிடுகிடுன்னு வளர்ந்தது. என்ன வித்தியாசம்? எலிக்குள்ளே புது ரத்தக் குழாய் வந்தது, கண்ணாடிப் பாத்திரத்தில் வரலை.

1971-ல் அவர் கட்டுரையே எழுதிட்டார்: புது ரத்தக் குழாய் வராமல் தடுத்தால் கட்டி வளராது. அப்போ பலரும் நம்பலை. 1989-ல் நெப்போலியோனே ஃபெராரா குழு வி.ஈ.ஜி.எஃப் புரதத்தைத் தனியா பிரிச்செடுத்துக் காட்டினப்போதான் காத்து இந்தப் பக்கம் திரும்பிச்சு. 2004-ல் அந்தப் புரதத்தைப் பிடிச்சு முடக்குற 'பெவாசிஸுமாப்' ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. பரவிய பெருங்குடல் கேன்சர் உள்ள 800-க்கும் அதிகமான பேரிடம் நடந்த பரிசோதனையில், கீமோ மட்டும் எடுத்தவர்களின் சராசரி ஆயுள் 15.6 மாசம். கீமோவோடு இந்த ஊசியும் சேர்த்துப் போட்டவர்களுக்கு 20.3 மாசம்.

கிட்டத்தட்ட அஞ்சு மாசம். ஒரு குடும்பத்துக்கு அது பெரிய காலம். ஆனா, 'கட்டி பட்டினியில் செத்துடும்'னு எதிர்பார்த்தவங்களுக்கு அது ஏமாற்றம்தான். இன்னொரு விஷயமும் உதைச்சது. குழாயை அடைக்கிற இந்த ஊசியை, பெருங்குடல் கேன்சரில் தனியா போட்டா பெருசா பலன் இல்லை, கீமோவோடு சேர்த்தாத்தான் வேலை செஞ்சது. யோசிச்சுப் பாருங்க... கீமோ மருந்து போறதே ரத்தக் குழாய் வழியாத்தான். வாய்க்காலை அடைச்சா மருந்தும் போகக் கூடாதே! அப்புறம் எப்படி ரெண்டும் சேர்ந்தா நல்லது நடக்குது?

'தூர்வாரு!' - ஜெயின் ஐடியா

இங்கேதான் நம்ம ஆள் வர்றார். ராகேஷ் ஜெயின் உத்தரப்பிரதேசத்தின் லலித்பூரில் பிறந்தவர். டாக்டருக்குப் படிக்கலை. 1972-ல் கான்பூர் ஐ.ஐ.டி-யில் கெமிக்கல் இன்ஜினீயரிங் முடிச்சுட்டு அமெரிக்கா போனவர். குழாய், அழுத்தம், ஓட்டம், கசிவு... ஆலைகளில் இதையெல்லாம் கணக்குப் போடுற படிப்பு அது. அந்தக் கண்ணோடு கேன்சர் கட்டியைப் பார்த்தார். 1991-லிருந்து பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிட்டலிலும் ஹார்வர்டிலும் இருக்கார்.

அவர் பார்த்தது என்ன? கட்டிக்குள் இருக்கிற ரத்தக் குழாய்கள் அவசரத்தில் வெட்டின வாய்க்கால் மாதிரி இருக்கு. கோணல் மாணலா வளைஞ்சு, சில இடத்தில் உப்பி, சில இடத்தில் முட்டுச்சந்தா நிக்குது. கரையைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய 'பெரிசைட்' செல்கள் சரியா ஒட்டியிருக்கலை. அதனால ஏகப்பட்ட கசிவு. கசிஞ்ச நீர் வடிய வழியில்லாம கட்டிக்குள்ளே தேங்கி, அழுத்தம் ஏறுது. உள்ளே அழுத்தம் ஏறினா வெளியிலிருந்து மருந்து எப்படி நுழையும்?

வடிகால் இல்லாத வயலில் தண்ணி நின்னா என்ன ஆகும்னு காரைக்கால் பக்கம் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். ஒரு பக்கம் பயிர் மூழ்கும், இன்னொரு பக்கம் காயும். கட்டிக்குள்ளும் அதே நிலைமைதான். ஆக்சிஜன் கிடைக்காத மூலைகள் உருவாகும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ரேடியேஷன் சரியா வேலை செய்யாது. நோய் எதிர்ப்பு செல்களும் உள்ளே போகத் திணறும். அங்கே தப்பிப் பிழைக்கிற கேன்சர் செல்கள் இன்னும் முரட்டுத்தனமா மாறும்.

2001-ல் ஜெயின் ஒரு தலைகீழ் ஐடியாவை எழுதினார். இந்த ஊசிகளை அளவோட கொடுத்தா, அது குழாய்களை அழிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச காலத்துக்கு அவற்றைச் சீராக்கும். தேவையில்லாத கிளைகள் உதிரும், மிச்சம் இருக்கிற குழாய்களின் கரை பலப்படும், கசிவு குறையும், அழுத்தம் இறங்கும். அந்த இடைவெளியில் கீமோவோ ரேடியேஷனோ கொடுத்தா உள்ளே போய்ச் சேரும். அதாவது, வாய்க்காலை மூடாதே, தூர்வாரு!

மனுஷங்ககிட்ட நடந்ததா?

2004-ல் மலக்குடல் கேன்சர் இருந்த ஆறே ஆறு பேரிடம் ஜெயின் குழுவினர் பார்த்தாங்க. பெவாசிஸுமாப் ஒரே ஒரு டோஸ். 12 நாள் கழிச்சுப் பார்த்தா குழாய்களின் எண்ணிக்கை குறைஞ்சிருந்தது, மிச்சக் குழாய்களில் பெரிசைட் கவசம் கூடியிருந்தது, கட்டிக்குள் அழுத்தம் இறங்கியிருந்தது.

பிறகு மூளைக் கட்டி நோயாளிகளிடம் 'செடிரானிப்' என்கிற மாத்திரையைக் கொடுத்து, ஸ்கேனில் குழாய்கள் சீராவதையும் மூளை வீக்கம் குறைவதையும் பார்த்தாங்க. ஆனா, பெரிய பரிசோதனையில் அந்த மாத்திரை எதிர்பார்த்த பலனைத் தரலை. எவ்வளவு டோஸ், எத்தனை நாள், யாருக்குன்னு கணக்கு தப்பினா தூர்வாருறதுக்குப் பதிலா கரையையே உடைச்சிடும். இந்தத் துறையின் பெரிய தலைவலி இன்னைக்கும் இதுதான்.

பலன் தெரிஞ்ச இடமும் இருக்கு. முற்றிய கல்லீரல் கேன்சருக்கு பெவாசிஸுமாப் ஊசியோடு 'அடிஸோலிஸுமாப்' என்கிற இம்யூனோதெரபி ஊசியும் சேர்த்துக் கொடுக்கிற சிகிச்சைக்கு 2020-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ரத்தக் குழாய் சீரானா எதிர்ப்பு செல்கள் உள்ளே நுழையும் என்பது, இந்த ஜோடி வேலை செய்வதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

ஜெயினுக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் கிடைச்சது. 2016-ல் ஒபாமா கையால் வாங்கினார்.

சுறா கேப்ஸ்யூலும் வாட்ஸ்அப்பும்

'கேன்சரைப் பட்டினி போடுங்க'ன்னு ஒரு ஃபார்வேர்டு உங்க ஃபேமிலி குரூப்பிலும் வந்திருக்கும். 1990-களில் இதே சயின்ஸை வெச்சு ஒரு பெரிய வியாபாரமே நடந்தது. குருத்தெலும்பில் ரத்தக் குழாய் இல்லை, சுறாவுக்கு உடம்பு முழுக்கக் குருத்தெலும்பு, அதனால சுறாவுக்கு கேன்சரே வராதுன்னு சொல்லி கேப்ஸ்யூல் வித்தாங்க. சுறாவுக்கும் கேன்சர் வரும். சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த மருந்தை நுரையீரல் கேன்சர் நோயாளிகளிடம் முறைப்படி சோதிச்சப்போ ஒரு பலனும் இல்லை. காரைக்கால் கடற்கரைக்காரங்க சுறாப்புட்டை ருசிக்காகச் சாப்பிடலாம், சிகிச்சைக்காக இல்லை.

அதேபோல, உணவை நிறுத்தினா கட்டி பட்டினியாகாது. கீமோ எடுக்கிற ஆளுக்குத்தான் உடம்பு ஒடுங்கும்.

வீட்டில் யாருக்காவது இந்த ஊசி போடுறாங்களா?

இதைக் கவனிங்க.

* பி.பி ஏறும். ஒழுங்கா செக் பண்ணணும். சிறுநீரில் புரதம் போகுதான்னும் டெஸ்ட் எடுப்பாங்க.
* புது ரத்தக் குழாய் வராததால் காயம் ஆறத் தாமதமாகும். பெரிய ஆபரேஷனுக்கும் ஊசிக்கும் நடுவே குறைந்தது 28 நாள் இடைவெளி விடுவாங்க. பல் பிடுங்குறதா இருந்தாலும் டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.
* திடீர் வயிற்று வலி, ரத்த வாந்தி, கறுப்பு மலம், கால் வீக்கம், நெஞ்சு வலி, பேச்சு குழறல்... எதுவா இருந்தாலும் காலையில் பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க.
* எல்லா கேன்சருக்கும் இது இல்லை. மார்பகக் கேன்சருக்குக் கொடுத்த அனுமதியை 2011-ல் அமெரிக்காவே திரும்ப வாங்கிடுச்சு. 'அவங்களுக்குப் போட்டாங்களே, எங்களுக்கு ஏன் போடலை?'ன்னு கேக்கிறது நியாயம்தான். டாக்டர்கிட்ட நேரடியா கேளுங்க.
* விலை பயமுறுத்தலாம். இந்தியக் கம்பெனிகளும் இதே வகை மருந்தை 'பயோசிமிலர்' என்ற பெயரில் தயாரிக்கிறாங்க. அது கிடைக்குமான்னு விசாரிங்க.

இன்னொரு தகவல், சர்க்கரை நோயால் கண் பாதிக்கப்பட்டவங்களுக்குக் கண்ணுக்குள்ளே போடுற ஊசிகளில் இதுவும் ஒன்று. விழித்திரையில் புதுக் குழாய் முளைக்கிறதும் அதே வி.ஈ.ஜி.எஃப் வேலைதான். உங்க தாத்தாவுக்குப் போட்டிருந்தாலும் ஆச்சர்யம் இல்லை.

கடைசியா ஒண்ணு

காரைக்காலில் ஜிப்மர் கிளை 2016-ல் வந்தாச்சு. திருவேட்டக்குடியில் என்.ஐ.டி இருக்கு. ஒரு இடத்தில் டாக்டருக்குப் படிக்கிறாங்க, இன்னொரு இடத்தில் இன்ஜினீயரிங். ரெண்டுக்கும் நடுவுலதான் ராகேஷ் ஜெயின் தன்னோட கேள்வியைக் கண்டுபிடிச்சார்.

அடுத்த தடவை ஆடியில் வாய்க்கால் தூர்வாரலைன்னு ஊரில் பெரியவங்க புலம்பினா, ஹெட்போனைக் கழட்டிட்டுக் கொஞ்சம் கேளுங்க. எங்கே அடைப்பு, எங்கே கசிவு, எந்த மடை உடைஞ்சிருக்குன்னு அவங்க விரல்நுனியில் வெச்சிருப்பாங்க. பாஸ்டன் லேப்ல கேக்கிற கேள்வியும் கிட்டத்தட்ட அதேதான்.