கழைக்கூத்து: கம்பம் ஒண்ணுதான், பேர் மட்டும் வேற வேற

இந்த எபிசோடுக்கான விதை, நம்ம மெயிலுக்கு அடிக்கடி வர்ற ஒரு கேள்வி. "மதுரையில இருந்துக்கிட்டு போல் டான்ஸ் கத்துக்க ஆசைப்படுறேன். வீட்ல சொல்லவே பயமா இருக்கு. இதெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்து வருமா?"

ஒத்து வருமாங்கிறதுக்கு வரலாறு ஒரு பதில் வச்சிருக்கு. போல்னா கம்பம், டான்ஸ்னா கூத்து. தமிழ்ல மூங்கில் கம்பத்துக்கு 'கழை'ன்னு பேரு. ரெண்டையும் சேர்த்தா கழைக்கூத்து. ஆக, போல் டான்ஸ்ங்கிற வார்த்தை நமக்குத்தான் புதுசு. அந்தப் பொருள்ல ஒரு தமிழ்ச் சொல் ஏற்கனவே இருக்கு. அதை ஆடினவங்களும் இந்தத் தெருக்கள்லதான் இருந்தாங்க.

சென்னையில வேலை பார்த்தப்ப நான் ஒரு போல் ஸ்டூடியோவுல ஆரம்ப வகுப்புக்குச் சேர்ந்தேன். மதுரைக்கு வந்தப்ப அம்மாகிட்ட மெதுவாச் சொன்னேன். அம்மா கோபப்படல. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுக் கேட்டாங்க: "ஏன்டி, தொம்பக்கூத்தாடி பண்ற வேலைக்கா இம்புட்டுக் காசு கட்டுன?"

எனக்குச் சிரிப்பு வந்தாலும், அந்த ஒரு வரியில ஒரு பெரிய வரலாறே இருக்குன்னு அப்புறம்தான் புரிஞ்சது. நியூயார்க் கிளப், ஹாலிவுட் படம் எதுவும் அம்மாவுக்கு ஞாபகம் வரல. கோரிப்பாளையம் பக்கம், சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல, மூங்கிலை நட்டுக் கயிறு கட்டி ஆடின குடும்பங்கள்தான் ஞாபகம் வந்துச்சு. அம்மா சரியான இடத்துலதான் தொட்டிருக்காங்க. அந்த இடத்துல இருந்தே ஆரம்பிப்போம்.

சங்கப் பாட்டுல ஒரு ஆடுமகள்

கபிலர் பாடின குறிஞ்சிப்பாட்டுல மலைமேல ஒரு மயில் தள்ளாடி நடக்கிற காட்சி வருது. அந்த மயிலுக்கு அவர் சொல்ற உவமை, திருவிழாக் களத்துல வாத்தியம் முழங்க, கயிற்று மேல நடந்து தளர்ந்து போற 'ஆடுமகள்'. மகள்ங்கிற சொல்லைக் கவனிங்க. கயிற்று மேல இருக்கிறது ஒரு பெண். கபிலர் அதைக் கேலியாச் சொல்லல, குறையாவும் சொல்லல. மயிலுக்குச் சமமா வைக்கிறார்.

குறுந்தொகையோட ஏழாவது பாட்டுலயும் இவங்க இருக்காங்க. மூங்கில் அடர்ந்த காட்டுல காத்து அடிக்குது, வாகை மரத்தோட காய்ஞ்ச நெற்று கலகலக்குது. அந்தச் சத்தம், 'ஆரியர்' கயிறாடும்போது கொட்டுற பறை மாதிரி இருக்காம். அப்பவே இந்த வித்தைக்காரங்க வடக்கே இருந்து வந்தவங்கன்னு ஒரு எண்ணம் இருந்திருக்கு. "ஆரியக் கூத்தாடினாலும் காரியத்தில் கண்ணாயிரு"ன்னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்ற பழமொழியில வர்ற ஆரியக் கூத்தும் இந்தக் கழைக்கூத்துதான்னு சொல்றவங்க உண்டு.

வடக்கேயும் தடயங்கள் பழசு. யஜுர் வேதத்தோட வாஜசனேயி சம்ஹிதையில பலவகைத் தொழில் செய்றவங்களோட நீண்ட பட்டியல் ஒண்ணு வருது. அதுல 'வம்ச நர்த்தின்'னு ஒருத்தர். வம்சம்னா மூங்கில், நர்த்தின்னா ஆடுறவர். பட்டியல்ல ஒவ்வொருத்தரையும் ஒரு தெய்வத்தோடயோ இயற்கையோடயோ இணைக்கிறாங்க. மூங்கில்ல ஆடுறவருக்குக் கிடைச்சது, மண்ணுக்கும் வானத்துக்கும் நடுவுல இருக்கிற வெளி. பொருத்தமான இடம்தான்.

முதல் பிகினர்

இப்ப கம்பம் ஏறக் கத்துக்கிற ஒரு ஆரம்ப மாணவரைப் பார்ப்போம். பௌத்த நூலான தம்மபதத்தோட பழைய பாலி உரையில உக்கசேனன்னு ஒருத்தன் கதை இருக்கு. ராஜகிருகத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளை. ஊருக்கு வந்த கழைக்கூத்துக் குழுவுல, கம்பத்து உச்சியில ஆடின பெண் மேல காதல். சாப்பாட்டை விட்டுட்டுப் படுத்துட்டான். வீட்ல பணம் கொடுத்து அனுப்புறாங்க. பெண்ணோட அப்பா, "பொண்ணை நான் விக்கிறதில்ல. வேணும்னா அவன் எங்களோட ஊர் ஊரா வரட்டும்"னு சொல்லிடுறார்.

அவனும் போறான், கல்யாணமும் நடக்குது. ஆனா அவனுக்கு ஒரு வித்தையும் தெரியாது. வண்டியைப் பார்த்துக்கிறது, மூட்டை தூக்குறது, அவ்வளவுதான். குழந்தையைத் தாலாட்டும்போது மனைவி அவனைக் குத்திக் காட்டிப் பாடுறா: வண்டிக்காரன் மகனே, ஒண்ணும் தெரியாதவன் மகனேங்கிற ரீதியில. அவனுக்குச் சுருக்குன்னுது. மாமனார்கிட்டயே போய் வித்தை கத்துக்கிறான். கடைசியில அதே ராஜகிருகத்துல, 60 முழக் கம்பத்து உச்சியில அந்தரத்துல குட்டிக்கரணம் போடுறான். அங்கயே புத்தரோட பேச்சைக் கேட்டு ஞானம் அடைஞ்சான்னு கதை முடியுது.

இதுல யாருக்கு யார் ஆசிரியர்னு பாருங்க. பணக்காரப் பையன் மாணவன், நாடோடிக் கூத்தாடி குரு.

இன்னொரு கதை இன்னும் சின்னது. சம்யுத்த நிகாயத்துல, சேதகம்ங்கிற ஊர்ல புத்தர் சொன்னதா வருது. ஒரு கழைக்கூத்தாடி தன்னோட சிஷ்யரைத் தோள்மேல ஏறச் சொல்றார். "நீ என்னைப் பார்த்துக்கோ, நான் உன்னைப் பார்த்துக்கிறேன். அப்பத்தான் பத்திரமா இறங்க முடியும்." சிஷ்யர் மறுக்கிறார்: "அது சரி வராது குருவே. நீங்க உங்களைக் கவனிங்க, நான் என்னைக் கவனிச்சுக்கிறேன்." இந்த விஷயத்துல சிஷ்யர் சொன்னதுதான் சரின்னு புத்தர் சொல்றார்.

கம்பத்துல ஏறிப் பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும். முதல் பாடமே, கால் முன்னெலும்பைக் கம்பத்துல வச்சு, ரெண்டு முழங்காலாலயும் கவ்வி எழுந்து நிக்கிறது. எனக்கு அதுக்கே மூணு வாரம் ஆச்சு. பாதத்து மேலயும் தொடையிலயும் நீல நீலமாக் கன்னிப்போச்சு. கீழே மெத்தை இருக்கும், பக்கத்துல டீச்சர் நிப்பாங்க. ஆனா பிடி உங்களோடது. யார் பார்க்கிறாங்கன்னு யோசிச்ச நொடியில வழுக்கும்.

அந்தச் சேதகக் கதையில இன்னொரு விஷயமும் இருக்கு. அந்த வித்தைக்காரரைக் குறிக்கிற பாலிச் சொல் 'சண்டாள வம்சிக'. கம்பத்தோட சாதியும் அப்பவே ஒட்டியாச்சு.

வித்தை எப்படிக் குற்றமாச்சு

அம்மா சொன்ன 'தொம்பக்கூத்தாடி'யில வர்ற தொம்பர், டொம்மர் ஒரு சமூகத்தோட பேர். எட்கர் தர்ஸ்டன் 1909ல வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் தொகுப்புல இவங்களுக்குத் தனிப் பதிவே இருக்கு. கம்பத்துல வித்தை காட்டுற நாடோடிகள்னு விவரிச்சுட்டு, அந்தப் பெண்களோட ஒழுக்கத்தைப் பத்தியும் எழுதுறார். மேல ஏறின பெண்ணைப் பத்தி எழுதணும்னா ஒழுக்கத்தைப் பத்தி எழுதியே ஆகணும்ங்கிற பழக்கம் இன்ஸ்டாகிராம் கமெண்ட்ல ஆரம்பிச்சது இல்ல.

நாடோடியா இருக்கிறதே அன்னைக்கு ஆபத்து. 1871ல பிரிட்டிஷ் அரசு குற்றப் பழங்குடிகள் சட்டம் கொண்டு வந்தது. 1911ல அது மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்தது. மதுரைக்காரங்களுக்கு இந்தச் சட்டத்தைத் தனியா அறிமுகப்படுத்த வேண்டியதில்ல. 1920 ஏப்ரல் 3ல உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர்ல துப்பாக்கிச் சூடு நடந்தது இந்தச் சட்டத்தை எதிர்த்து நின்னதுக்குத்தான். நாடு முழுக்க அது ஒழிஞ்சது 1952ல. அந்தப் பட்டியல்ல இருந்தவங்களைத்தான் இன்னைக்குச் சீர்மரபினர்னு சொல்றோம். தமிழ்நாட்டோட சீர்மரபினர் பட்டியல்ல டொம்மர்ங்கிற பேரை இப்பவும் பார்க்கலாம்.

அடுத்து பிச்சைத் தடுப்புச் சட்டம். 1959ல வந்த பம்பாய்ச் சட்டம், பொது இடத்துல பாடி, ஆடி, வித்தை காட்டிக் காசு வாங்குறதையும் பிச்சைன்னே வரையறுத்தது. டெல்லியிலயும் அதே சட்டம்தான் இருந்தது. 2018ல டெல்லி உயர் நீதிமன்றம் அதோட முக்கியப் பிரிவுகளை அங்க ரத்து செய்தது. ஸ்டேஜ்ல ஆடினா கலைஞர், தெருவுல ஆடினா பிச்சைக்காரர். நடுவுல இருக்கிற வித்தியாசம் ஒரு டிக்கெட்.

அதே கம்பம், வேற மரியாதை

இப்ப இன்னொரு கம்பத்தைப் பாருங்க, மல்லர் கம்பம். சாளுக்கிய அரசர் மூன்றாம் சோமேஸ்வரர் காலத்துல, 12ஆம் நூற்றாண்டுல எழுதப்பட்ட மானசோல்லாசத்துல இது மல்லர்களோட பயிற்சியா வருது. 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல, பேஷ்வா இரண்டாம் பாஜிராவோட ஆசிரியர் பாலம்பட்ட தாதா தேவதர் இதுக்கு மறுபடியும் உயிர் கொடுத்தார். 1936 பெர்லின் ஒலிம்பிக் நேரத்துல அமராவதியில இருந்து போன குழு அங்க செய்து காட்டினாங்க. 2013ல மத்தியப் பிரதேசம் இதை மாநில விளையாட்டா அறிவிச்சது. 2019ல மும்பையில முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. பயிற்சியாளர் உதய் தேஷ்பாண்டேவுக்கு 2024ல பத்மஸ்ரீ.

தமிழ்நாட்டுல இதுக்குத் தலைநகர் மாதிரி இருக்கிறது விழுப்புரம். 2024 ஜனவரியில நம்ம மாநிலத்துல கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு நடந்தப்ப மல்லர் கம்பத்துக்குத் திருச்சியில கூட்டம் கூடிச்சு. பொண்ணுங்களும் ஏறினாங்க. பல காலமா பெண்களுக்குக் கயிறு மட்டும்தான்னு இருந்த விளையாட்டு அது.

உடையைப் பத்தி இங்க ஒரு சின்ன அறிவியல். போல் டான்ஸ்ல வழக்கமான கம்பம் 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோகக் குழாய். துணி அதுல வழுக்கும், தோல் பிடிக்கும். அதனாலதான் ஷார்ட்ஸ். மல்லர் கம்பம் சுமார் 2.6 மீட்டர் உயர மரம், விளக்கெண்ணெய் தடவியிருப்பாங்க. அங்கயும் பிடிக்கிறது தோல்தான், அதனால பையன்கள் சின்ன ஜட்டியோடதான் ஏறுறாங்க. கிருஷ்ண ஜெயந்திக்கு வழுக்குமரம் ஏறுற அண்ணன்மாரும் சட்டை போடுறதில்ல. அவங்களைப் பார்த்து யாரும் ஆபாசம்னு சொல்றதில்ல, வீர விளையாட்டுன்னு விசில் அடிக்கிறோம். உராய்வுக்கு ஆண் பெண் தெரியாது. பார்க்கிற கண்ணுக்குத்தான் தெரியுது.

மரியாதைக்கு யார் விலை கொடுக்கிறாங்க

சரி, அப்ப போல் டான்ஸையும் விளையாட்டுன்னு சொல்லிட்டா பிரச்சினை தீர்ந்துடுமா? அந்த முயற்சியும் நடக்குது. சர்வதேச போல் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பு 2009ல தொடங்கி, 2017ல உலக விளையாட்டுக் கூட்டமைப்புகளோட அமைப்புல பார்வையாளர் தகுதி வாங்கிடுச்சு.

ஆனா ஒரு சிக்கல். ஸ்டூடியோவுல கத்துக்கிட்ட பெண்கள் சில வருஷம் முன்னாடி "நான் ஸ்ட்ரிப்பர் இல்லை"ன்னு ஹேஷ்டேக் போட ஆரம்பிச்சாங்க. கிளப்ல ஆடி இந்த அசைவுகளை உருவாக்கின பெண்கள் கோபத்தோட பதில் சொன்னாங்க: எங்க வித்தை வேணும், எங்க பேர் மட்டும் வேணாமா?

நமக்கு இது கேட்ட கதை. சதிர் பரதநாட்டியமா மாறினது 1930கள்ல. மேடை பெருசாச்சு, மரியாதை வந்தது. அதைத் தலைமுறை தலைமுறையா வச்சிருந்த தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள்ல பெரும்பாலானவங்க அந்த மேடையில இல்லாம போனாங்க. ஒரு கலைக்கு மரியாதை வாங்குறதுக்கு சுலபமான வழி, அதை முன்னாடி ஆடினவங்களைக் கழட்டி விடுறது. எல்லா ஊர்லயும் அந்த வழியைத்தான் பிடிச்சிருக்காங்க.

அதனால மெயில் போட்டவங்களுக்கு என் பதில் இதுதான். தாராளமாக் கத்துக்கோங்க. மெத்தை இருக்கா, சரியான டீச்சர் இருக்காங்களான்னு பார்த்துட்டு ஏறுங்க. வீட்ல சொல்லும்போது, "அந்த மாதிரி இல்லம்மா, இது டீசன்ட்டானது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. 'அந்த மாதிரி'ன்னு தள்ளி விடுற ஆட்கள்தான் இதைக் காப்பாத்திக் கொண்டு வந்தவங்க.

அதே நேரம், தெருக் கழைக்கூத்தை அழகாக்கிப் பார்க்கவும் நான் தயாரா இல்ல. அந்தக் கயிற்று மேல பெரும்பாலும் நடக்கிறது ஒரு சின்னப் பொண்ணு. கீழே மெத்தை கிடையாது, அவளுக்கு ஸ்கூலும் கிடையாது. சர்க்கஸ்ல குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2011ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. தெருவுல அவளுக்குப் பதிலா என்ன கொடுத்தோம்ங்கிற கேள்வி மட்டும் நிக்குது. அவ அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஒரு பள்ளியிலயோ ஸ்டூடியோவுலயோ பயிற்சியாளர் வேலை கிடைச்சா? உக்கசேனன் கதையில அது நடந்திருக்கு. மதுரையில ஏதாவது ஒரு ஜிம்காரர் அதைச் செய்யட்டும், முதல் மாதக் கட்டணத்தை நான் கட்டுறேன்.

அம்மா கேட்ட கேள்விக்கு நான் அப்புறம் பதில் சொன்னேன்: "ஆமாம்மா, அந்த வேலைக்குத்தான் காசு கட்டினேன். அவங்களுக்கு நாம கட்டவே இல்லையே."

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.