மேடை ஒளியின் கலைஞர் தாபஸ் சென்

நாடக வரலாறு எழுதுவோர் ஆசிரியரைக் கூறுவர்; நடிகரைக் கூறுவர்; பாட்டையும் படுதாவையும்கூடக் கூறுவர். இவை அனைத்தையும் நம் கண்ணுக்குக் காட்டிய விளக்கைக் கூறுவோர் அரியர். அவ்விளக்கைக் கையாண்டவரின் பெயரைக் கூறுவோர் அவரினும் அரியர். மேடைக்கு வெளிச்சம் தருவதோடு ஒளியின் பணி முடிந்துவிடுவதில்லை; நாடகத்தின் பொருளையே உரைக்கவல்ல தனிக்கலை அது. இந்திய மேடையில் இதனை ஐயத்திற்கிடமின்றி நிறுவியவர் வங்கத்தின் தாபஸ் சென். அவரது கலைப்பணியை நாஞ்சில் நாட்டு வாசகருக்கு அறிமுகப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் அறிந்த விளக்குகள்

ஒளியின் ஆற்றல் நமக்குப் புதிதன்று. இம்மாவட்டத்தில் மண்டிகர் சமூகத்தார் வழிவழியாக நிகழ்த்திவந்த தோல்பாவைக்கூத்தில், வெண்திரைக்குப் பின்னே எரியும் விளக்கே கூத்துக்கு உயிர். வண்ணம் தீட்டிய தோற்பாவை திரையை ஒட்டி நின்றால் உருவம் தெளிவாகும். விளக்கை நோக்கி நகர்ந்தால் பெருத்து மங்கும். எண்ணெய் விளக்கு பெட்ரோமாக்ஸாகவும் மின்விளக்காகவும் மாறியபோதும் இந்த நுட்பம் மாறவில்லை. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் விழாக்களில் ஆடப்பெறும் கதகளியிலும், ஆட்டவிளக்கின் பெருந்திரி ஆடுவோர் முகத்தை நோக்கியே எரியும். நடிகரின் கண்ணசைவைக் காட்டுவதும் பிறவற்றை இருளில் விடுவதும் அவ்விளக்கின் வேலை.

பின்னர் வந்த கம்பெனி நாடகங்களில், வண்ணப் படுதாக்கள் நன்கு தெரியுமாறு மேடை முழுவதும் ஒளி பரவியது. நவாப் ராஜமாணிக்கம் போன்றோர் தந்திரக் காட்சிகளால் மக்களை வியக்கவைத்தனர். எனினும் ஒளியமைப்பாளர் என்னும் தனிக்கலைஞர் அன்று மேடையில் உருவாகவில்லை.

வளர்ச்சியும் சாதனையும்

தாபஸ் சென் 1924இல் அஸ்ஸாமின் துப்ரியில் பிறந்தார். தில்லியில் வளர்ந்த அவர், இந்திய மக்கள் நாடக மன்றத்தோடு தொடர்பு கொண்டார். பின் கல்கத்தாவில் குடியேறி, ஒளியமைப்பையே வாழ்வின் பணியாகக் கொண்டார்.

சம்பு மித்ராவின் பகுரூபி குழு 1954இல் தாகூரின் 'ரக்தகரபி'யை அரங்கேற்றியபோது ஒளியமைத்தவர் இவரே. மண்ணைத் தோண்டிப் பொன்னெடுக்கும் ஊரில், வலைத்திரைக்குப் பின்னே மறைந்திருந்து ஆளும் அரசனைப் பற்றிய நாடகம் அது. கண்ணுக்குத் தெரியாதவனின் இருப்பை உணர்த்த வேண்டிய இத்தகைய நாடகத்தில், எதைக் காட்டுவது என்பதைக் காட்டிலும் எதை மறைப்பது என்பதே ஒளியமைப்பாளர் முன் நிற்கும் வினாவாகும்.

1959ஆம் ஆண்டு அவர் புகழின் உச்சியைத் தொட்டது. 'சேது' நாடகத்தில் பாய்ந்துவரும் இரயில் வண்டியை ஒளியாலும் ஒலியாலும் மேடையில் தோற்றுவித்தார். அதே ஆண்டு மினர்வா அரங்கில் உத்பல் தத் அரங்கேற்றிய 'அங்கார்', நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் அவலத்தைக் கூறியது. சுரங்கத்தைக் காப்பதற்காக முதலாளிகள் அதனுள் நீரைப் பாய்ச்ச, உள்ளே சிக்கிய தொழிலாளர் மூழ்கி மடிவது இறுதிக் காட்சி. மேடையில் ஒரு துளி நீரும் இல்லை. அசையும் ஒளியே வெள்ளமாகி ஏறியது. இரவிசங்கரின் இசையும் அதனோடு சேர்ந்தது.

1965இல் வந்த 'கல்லோல்', 1946ஆம் ஆண்டுக் கடற்படைக் கிளர்ச்சியைக் கருவாகக் கொண்டது. சுரேஷ் தத்தா அமைத்த போர்க்கப்பலுக்குத் தாபஸ் சென்னின் ஒளி கடலைத் தந்தது. அரசியல் எதிர்ப்பு மூண்டது. செய்தித்தாள்கள் விளம்பரத்தை மறுத்தன. உத்பல் தத் காவலில் வைக்கப்பட்டார். நாடகமோ தொடர்ந்து நடந்தது.

வியப்பா, பொருளா?

இவரது ஒளிவித்தை நடிப்பை விழுங்கிவிடுகிறது என்னும் குறையும் அந்நாளில் எழுந்தது. அது புறக்கணிக்கத் தக்கதன்று. இரயிலைக் காண மட்டுமே கூட்டம் வருமாயின், அது தந்திரக் காட்சியின் வெற்றியேயன்றி நாடகத்தின் வெற்றியாகாது. ஆனால் 'அங்கார்' நாடகத்தின் நிலை வேறு. அங்கே ஏறும் நீர் வேடிக்கையன்று. ஓர் உயிரைவிடச் சுரங்கத்திற்கு மதிப்பு மிகுதி என்னும் கொடுமையின் சாட்சி. ஒளி நாடகத்தின் அறத்தோடு இணையும்போது கலையாகிறது. பிரியும்போது வித்தையாக நின்றுவிடுகிறது. இவ்விரண்டையும் தாபஸ் சென்னின் வாழ்விலேயே காண முடிவது நமக்குப் பெரும் பாடமாகும்.

1974இல் சங்கீத நாடக அகாதெமி விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஒளியமைப்பாளரும் நாடகக் கலைஞரே என்பதற்கு அது ஓர் ஏற்பு. 2006இல் அவர் மறைந்தார். தமிழிலும், தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த செ. ரவீந்திரன் நவீன நாடகங்களுக்கு ஒளியமைத்து இத்துறையை வளர்த்தவர் என்பது நினைவுகூரத் தக்கது.

நாடகம் முடிந்தபின் நூல் எஞ்சும், பாட்டு எஞ்சும். ஒளிப்படம் ஒரு கணத்தைக் காட்டுமேயன்றி, ஒளி மாறிய கதியைக் காட்டாது. பார்த்தவர் மறைந்தால் ஒளியமைப்பாளரின் படைப்பும் மறைந்துவிடும். ஆதலின் பார்த்தவர் எழுதி வைத்தாலன்றி இக்கலைக்கு வரலாறு இல்லை. நம் ஊர்க் கோயில் திடல்களிலும் பள்ளி மேடைகளிலும் விளக்கேற்றி, வண்ணத் தாள் மாற்றி நின்றோர் பலர். அவர்தம் பெயர்களையும் செய்முறைகளையும் நினைவுள்ள முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்தல், இலக்கிய அமைப்புகள் இன்றே மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.