அரசன் அறியும் கணம்: ஆன்டிகனியும் சிலப்பதிகாரமும்

ஆன்டிகனியுடன் கண்ணகியை ஒப்பிடத் தோன்றுவது இயல்பு. இருவரும் வேந்தன்முன் அஞ்சாது வழக்குரைத்த பெண்டிர். எனினும் இவ்விரு படைப்புகளின் துன்பியல் தன்மையை அளந்தறிய, அவர்கள் எதிர்கொண்ட அரசர்களை ஒப்பிடுதலே பெரிதும் துணைபுரியும்.

சோபோகிளிசின் ஆன்டிகனி நாடகம் ஏறத்தாழ கி.மு. 441இல் அரங்கேறியது. நாட்டின்மீது படையெடுத்து வந்து மாண்ட பாலினைசிசுக்கு ஈமக்கடன் செய்தலாகாது என்பது தீப்ஸ் மன்னன் கிரியோனின் ஆணை. உடன்பிறந்தாளோ தெய்வங்களின் எழுதாச் சட்டமே மேலானது என்கிறாள். ஆகவே இங்கு நிகழ்வது இரு சட்டங்களின் மோதல். தன் மகன் ஹீமோன் எடுத்துரைத்தும் கிரியோன் இணங்கவில்லை. முதிய நிமித்திகன் டைரீசியசின் எச்சரிக்கைக்குப் பின்னரே அவன் மனம் மாறுகிறான். அதற்குள் அவள் அடைக்கப்பட்ட குகையில் உயிர்துறந்துவிடுகிறாள். மகனையும் மனைவியையும் இழந்த கிரியோன் உயிரோடு எஞ்சுகிறான். அதுவே அவனுக்குற்ற தண்டனை.

மதுரையிலோ சட்டம் பற்றிய பூசலே இல்லை. கள்வனைக் கொல்லுதல் முறையே என்பதில் பாண்டியன் ஐயுறவில்லை; கண்ணகியும் அதனை மறுக்கவில்லை, தன் கணவன் கள்வன் அல்லன் என்றே வாதிடுகிறாள். பிழை நேர்ந்த இடம் விசாரணை. கோப்பெருந்தேவியின் ஊடல் தணிக்கச் செல்லும் வழியில், பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை மட்டும் கேட்டு, குற்றம் சாட்டப்பட்டவனைக் காணாமலே ஆணை பிறக்கிறது. சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்ற எளிய வினாவை முன்பே கேட்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். மாணிக்கம் தெறித்த கணத்தில் மன்னன் தன்னையே கள்வனெனக் கூறி வீழ்கிறான். தேவியும் உடன் மாய்கிறாள். அரிஸ்டாட்டில் துன்பியலின் உயிர்நிலைகளுள் ஒன்றாகச் சுட்டும் ‘அறிதல்’ இங்கே இறப்போடு ஒன்றிவிடுகிறது.

முற்பிறப்பில் பரதன் சங்கமனைக் கொல்வித்த வினையை மதுராபதித் தெய்வம் எடுத்துரைப்பதால் துன்பியல் நீர்த்துவிடுகிறது என்பாருளர். இவ்வாதம் முழுதும் பொருந்தாது. ஆன்டிகனியின் குடியையும் பழஞ்சாபம் தொடர்கிறது. அதனால் கிரியோனின் பொறுப்பு குறைந்துவிடவில்லை. இளங்கோவும் ஊழைச் சொல்லியபின் வழக்கை முடித்துவிடவில்லை, மற்றோர் அரசனின் செவிக்குக் கொண்டுசெல்கிறார்.

பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த செங்குட்டுவனிடம், வேங்கை மர நிழலில் நின்று விண்ணேகிய பெண்ணைப் பற்றிக் குன்றக்குறவர் கூறுகின்றனர். சாத்தனார் முழு வரலாற்றையும் விளக்குகிறார். கேட்ட சேரன் பகைவேந்தனின் வீழ்ச்சியில் மகிழவில்லை. வளைந்த கோலை அவன் தன் உயிர் கொடுத்து நிமிர்த்தினான் என்கிறான். மழை பொய்த்தாலும் உயிர்கள் வருந்தினாலும் அஞ்சவேண்டிய அரசர்குடிப் பிறப்பு துன்பமே என்கிறான். கிரேக்க நாடகத்தில் முதியோர் குழு ஆற்றும் பணியைச் சிலம்பில் ஆட்சியிலிருக்கும் அரசனே ஆற்றுகிறான். வஞ்சிக்காண்டத்தை வெறும் வெற்றிப்புகழாகக் கொள்வோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

ஆன்டிகனியின் குகை நாடகத்தோடு முடிந்துபோனது. கண்ணகியின் குன்றமோ வழிபாட்டிடமாயிற்று. இடுக்கி, தேனி மாவட்டங்களின் எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் அமைந்த மலைமேல் உள்ள மங்கலதேவி கோயிலே செங்குட்டுவன் எடுத்த கோட்டம் என்பது சி. கோவிந்தராசனார் முதலியோர் கொண்ட முடிவு. ஆண்டுக்கொருமுறை சித்திரை முழுநிலவன்று கேரள, தமிழகப் பகுதி மக்கள் குமுளி வழியாகவும் கூடலூர்ப் பளியன்குடி வழியாகவும் அம்மலை ஏறுகின்றனர்.