நோயாளி எதைத் தெரிவுசெய்கிறார்?

இலவச அரச வைத்தியசாலை இருக்கும்போது, சிலர் ஏன் காசு கட்டித் திருச்சபை வைத்தியசாலைக்குப் போகிறார்கள்? யாழ்ப்பாணத்தில் பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். சமயத்தைக் காரணமாகச் சொன்னவர்கள் குறைவு. 'ஆறுதலா இருத்திக் கதைப்பினம்' என்பதே நான் அடிக்கடி கேட்ட பதில்.

இந்தத் தெரிவுக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க மிசன் வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1820இலிருந்து பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார். 1847இல் வந்த சாமுவேல் கிறீன், மறு ஆண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். 1873இல் நாடு திரும்பும் முன் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பயிற்றுவித்தார். 1860களில் ஆங்கிலத்தை விட்டுத் தமிழிலேயே கற்பித்தார்; உடற்கூறு, சத்திரசிகிச்சை, பிரசவம் பற்றிய நூல்கள் தமிழுக்கு வந்தன. மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மக்லியோட் வைத்தியசாலை வந்தது. ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டத் தயங்கிய பெண்களுக்கு அங்கே பெண் வைத்தியர்கள் இருந்தார்கள்.

மதமாற்ற நோக்கத்தை மிசன் மறைக்கவில்லை. மருந்துக்குக் காத்திருந்தவர்கள் பிரசங்கமும் கேட்டார்கள். ஆனால் பெரும்பாலானோர் மருந்தை வாங்கிக்கொண்டு சைவர்களாகவே வீடு திரும்பினார்கள். தேவைப்பட்டபோது ஊர்ப் பரியாரியிடமும் போனார்கள். வைத்தியத்தை எடுத்து, சமயத்தை விட்டது அவர்களுடைய தெரிவு.

போருக்குப் பிந்திய நிலை வேறு. உடம்பில் செல் துண்டோடு வாழ்பவருக்கும் கால் இழந்தவருக்கும் ஒருநாள் வைத்தியம் போதாது. மேலதிக சிகிச்சைக்குத் தென்பகுதிக்கு அனுப்பப்பட்டால், நோவைச் சொல்லவே மொழி தடையாகிறது. இப்படிப்பட்டவர் எங்காவது அன்பாக நடத்தப்பட்டால் 'திருப்தி' என்கிறார். போக வேறு இடமே இல்லாதவரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார். வேண்டாம் என்று எழுந்து போகக்கூடியவரின் திருப்தியையே நான் சான்றாக எடுப்பேன்.

ஆகவே, எந்தச் சமய நிறுவனத்தின் வைத்தியசாலைக்குப் போனாலும் நான்கு விடயங்களைக் கேட்டறியுங்கள்:

- மொத்தச் செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்வார்களா?
- நோயையும் மருந்தையும் தமிழில் விளக்குவார்களா?
- நிலைமை மோசமானால் எந்த வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்?
- செபம் வேண்டாம் என்றாலும் கவனிப்பு மாறாமல் இருக்குமா?

அன்பான சொல் நோயைத் தாங்க உதவும். ஆனால் சத்திரசிகிச்சைக்கு நிபுணரும், நள்ளிரவில் இரத்தமும் தேவைப்படும்போது பெரும்பாலும் அரச போதனா வைத்தியசாலையே கைகொடுக்கிறது. அங்கேயும் நோயாளியை இருத்திக் கதைத்தால், பலருக்குக் காசு கட்டிப் போகவேண்டிய தேவை இராது.