செம்மறியின் காதும் கணக்கேடும்

ஆட்டை அறிதல் வேறு. அறிந்ததைப் பிறர்க்கு மெய்ப்பித்தல் வேறு. முன்னதில் நம் முன்னோர் எவர்க்கும் இளைத்தவரல்லர். நூறு ஆடுகள் கலந்து நிற்பினும் தன் ஆட்டை முகங்கண்டு பிரித்தெடுப்பவனே ஆயன். பின்னதிலோ நாம் பலகால் தோற்றிருக்கின்றோம். ஆடுகளுக்கு அழியாக் குறியிட்டு வந்த வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தமைக்கு என் இளமையிற் கண்ட வழக்கொன்றே காரணமாதலின், அதனை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

என் தந்தையாரிடம் 31 செம்மறிகள் இருந்தன. யாவும் இராமநாதபுரத்து வெள்ளை. ஒன்றற்கொன்று நிறவேறுபாடு காண்டல் அரிது. அறுவடை முடிந்தபின் நால்வர் ஐவர் தம் ஆடுகளை ஒருங்குசேர்த்துக் கீதாரி ஒருவர் பொறுப்பில் வயல்தோறும் கிடை போடுதல் எங்கள் பக்கத்து வழக்கம். அவ்வாறு சேர்க்குமுன் ஒவ்வொருவரும் தத்தம் ஆட்டின்மேற் சாயக்குறி இடுவர். தந்தையார் இடுவது முதுகின் குறுக்கே ஒரு செங்காவிக் கோடு. அவ்வாண்டு மாசித் திங்களில் எவரும் எதிர்பாராத மழை மூன்று நாள் பெய்தது. காவி கரைந்து போயிற்று. கிடை பிரிந்தபோது நான்கு பெட்டை ஆடுகளை வேறொருவர் தம்முடையன என்றார். ஊர்ப் பெரியோர் கூடினர். இன்ன ஆடு இன்ன ஆட்டின் குட்டி என்றும், இதற்கு இடக்காம்பு சிறுத்தது என்றும் தந்தையார் ஒவ்வொன்றாய்க் கூறினார். மற்றவரும் அவ்வாறே ஏதேதோ கூறினார். “குறி எங்கே?” என்று பெரியோர் வினவியபோது இருவரும் வாய்திறந்திலர். ஆளுக்கிரண்டாகப் பகுத்துவிட்டனர். பெரியோர் மேற் குறை கூறேன். அவர்க்கு வேறு வழியில்லை. ஆனால் எங்கள்பால் இழந்த இரண்டும் என் தமக்கையின் படிப்புச் செலவுக்கென ஒதுக்கியவை. அவர் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டார்.

ஆகவே குறி என்பது ஆடுடையானுக்காக இடப்படுவதன்று. அவனை அறியாத பிறனுக்காக இடப்படுவது. இதனை உணர்ந்த பழையோர் கரையும் சாயத்தை நம்பாது காதையே நாடினர். அதர்வண வேதத்தில் கால்நடையின் இரு காதுகளிலும் கத்தியாற் குறியிடுதலைக் கூறும் மந்திரம் உண்டு. அதனினும் எனக்கு வியப்பளிப்பது பாணினியின் இலக்கணம். குறிப்பெயர்ச்சொல்லொன்று காதென்னும் சொல்லொடு புணருங்கால் அதன் ஈற்றுயிர் நீளும் என்று ஓர் விதி கூறி, நீளாத சொற்களையும் அவர் எண்ணிச் சொல்கின்றார்: எட்டு, ஐந்து, மணி, பிளவு, வெட்டு, துளை, அகப்பை, சுவத்திகம் முதலியன. இவையெல்லாம் மாட்டின் காதில் இட்ட குறிகள். உயிரெழுத்தின் மாத்திரையை ஆராய வந்தவர், தம்மையறியாமலே அக்காலத்துத் தொழுவத்தை நமக்குக் காட்டிச் சென்றார். இலக்கணம் வறண்டது என்று முகஞ்சுளிக்கும் என் மாணவர்க்கு இதனை அடிக்கடி சொல்வதுண்டு.

பாரதத்து வனபருவத்தில் துரியோதனன் பாண்டவரைக் காணக் காட்டிற்குச் செல்லக் கற்பித்துக்கொண்ட காரணம் யாது? ஆநிரையை எண்ணுதலும் கன்றுகளுக்குக் குறியிடுதலுமே. உட்கருத்து வஞ்சனையாயினும், சொன்ன காரணம் எவரும் ஐயுறாத அரசகடமையாக இருந்தது. கௌடிலியர் இன்னும் ஒருபடி மேற்செல்கின்றார். கன்று பிறந்த ஓரிரு திங்களுக்குள் குறியிட வேண்டும் என்றதோடு அமையாது, இட்ட குறியையும், இயற்கை அடையாளத்தையும், நிறத்தையும், கொம்பிடை அகலத்தையும் ஏட்டில் எழுதவேண்டும் என்கின்றார். குறியையும் ஏட்டையும் இணைத்த பெருமை அந்நூலுக்கு உண்டு. அஃது அரசனது பெருநிரைக்கு வகுத்த முறை. முப்பது ஆடு வைத்திருப்பவனுக்கு எழுத்தனும் இல்லை, ஏடும் இல்லை.

தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் நம் குலத்தார் பெயர் மிகுதியும் காணப்படுவது விளக்குக் கொடைகளில் என்பது அன்பர்கள் அறிந்ததே. நந்தாவிளக்கு ஒன்றற்கு 90 ஆடுகள், தஞ்சைப் பெரியகோயிலில் 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற மன்றாடி நாடோறும் உழக்கு நெய் அளக்கக் கடவன். அவ்வாடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் கூறும். ஆடு சாகாதா? மூப்படையாதா? செத்ததன் இடத்திற் குட்டி வந்து நிற்க, தொகை மட்டும் குறையாது நிற்கும் என்பதே பொருள். ஈண்டு நிலைபெற்றது ஆடன்று, எண். எந்த ஆடு என்பதைக் கோயில் கேட்கவில்லை. எத்தனை ஆடு, யார் பொறுப்பு என்பதையே கேட்டது. ஆகையாற் கல்லில் வெட்டியது ஆட்டின் குறியை அன்று. ஆயன் பெயரையும் அவனுக்குப் பிணை நின்றோர் பெயரையுமே.

இதனையொத்த ஏற்பாடொன்று ஆங்கில நாட்டின் வடமேற்கே, இன்று கம்பிரியா எனப்படும் மலைப்பகுதியில் இருக்கக் கண்டு மகிழ்ந்தேன். அங்கே வேலியில்லாத பொதுமலையிற் பல குடியானவர்களின் ஆடுகள் கலந்து மேய்கின்றன. ஹெர்ட்விக் என்னும் அவ்வினத்துக் குட்டி கரியதாய்ப் பிறந்து, வளர வளர வெளுத்துச் சாம்பல்நிறமாகும். நிறத்தை அடையாளமாகக் கொள்வான் ஆண்டுதோறும் ஏமாறுவான். எனவே அவர்கள் காதில் வெட்டிடுவர்: நுனியை நேராய் அறுத்தல், கவைபோற் பிளத்தல், ஓரத்திற் கடித்தாற்போல் எடுத்தல், துளையிடுதல் எனச் சில வெட்டுகளே, அவற்றை வலக்காது, இடக்காது, மேலோரம், கீழோரம் என மாற்றிச் சேர்த்தலின் பற்பல குறிகள் பிறக்கும். கம்பளத்தின்மேற் சாயக்குறியும் உண்டு. கொம்புடையவற்றிற்குக் கொம்பில் எழுத்தைச் சுடுவதும் உண்டு.

இக்குறிகளையெல்லாம் தொகுத்து 1817இல் ஜோசப் வாக்கர் என்பவர் ஒரு நூலாக அச்சிட்டார். பண்ணைதோறும் ஆட்டின் உருவம் வரைந்து, அதன் காதில் அப்பண்ணைக்குரிய வெட்டையும் உடலில் உரிய சாயத்தையும் காட்டியது அந்நூல். வழிதவறிய ஆடு வந்தால் நூலைப் புரட்டி உரியவனைக் காணலாம். இடையர் ஆண்டுதோறும் குறித்த நாளிற் கூடி, தம்மிடம் வந்து சேர்ந்த பிறர் ஆடுகளை ஒப்படைப்பர். கௌடிலியர் அரசனுக்கு வகுத்ததை இம்மலைவாணர் தாமே தமக்குச் செய்துகொண்டனர். ஆட்டைத் திருடியவனுக்கு 1741 முதல் 1832 வரை மரணதண்டனை விதித்த நாடு அது. திருட்டென்றும் தவறுதலென்றும் பிரித்துக்காட்ட ஓர் அச்சுநூல் இருந்தமை எத்துணைப் பெரிய உதவி!

அவ்வெட்டுக்குறி ஆளுக்குரியதன்று, பண்ணைக்குரியது. பல பண்ணைகளில் நிலத்தோடு ஒரு மந்தையும் சேர்ந்தே குத்தகைக்கு விடப்படும். குத்தகையாளன் விலகுங்கால் அதே தொகையை ஒப்படைத்துச் செல்ல வேண்டும். குழந்தைக் கதைகளாற் புகழ்பெற்ற பீட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் 1943இல் இறந்தபோது தம் மலைப்பண்ணைகளை நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிலையத்திற்கு விட்டுச்சென்றார். அங்கே ஹெர்ட்விக் ஆடுகளே தொடர்ந்து இருத்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம். சாவா மூவாப் பேராடு அங்கும் உண்டு என்க; ஆயின் அங்கே எண்ணோடு குறியும் உண்டு.

ஆயினும் காதுவெட்டிற்கு இரண்டு குறைகள் உள. முதலாவது, பிறன் வெட்டை அதனினும் பெரிய வெட்டால் அழித்துவிடலாம். காது முழுதும் அறுபட்ட ஆடு யாருடையது என்று எவர் கூறுவார்? இரண்டாவது, அஃது உடையவனைக் காட்டுமேயன்றித் தனியாட்டைக் காட்டாது. இக்குறையின் கொடுமை 2001இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு பிரிட்டனிற் கோமாரி பரவிற்று; நோய் கண்டறியப்படுமுன்னரே சந்தைகளின் வழியாகச் செம்மறிகள் அதனை நாடெங்கும் சுமந்து சென்றுவிட்டன. எந்த ஆடு எங்கிருந்து எங்கே போயிற்று என்று தனித்தனியே தேடப் பதிவில்லை. அறுபது இலட்சத்திற்கு மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. மிகுதியும் அடிபட்டது மேற்கூறிய கம்பிரியாவே. இதன்பின் ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் விதி வகுத்து, 2009 டிசம்பர் 31க்குப் பின் பிறக்கும் செம்மறிகளுக்குத் தனியெண் தாங்கிய மின்னணு அடையாளத்தைக் கட்டாயமாக்கிற்று. காதுவில்லையினுள்ளோ, இரைப்பையில் தங்கும் குளிகையினுள்ளோ ஒரு சிறு சில்லு இருக்கும். கருவியை அருகிற் காட்டினால் எண் தோன்றும்.

சிறுமந்தை உடையார்க்கு அக்கருவி வேண்டுவதில்லை. காதின் உட்புறத்தே எண்ணைப் பச்சை குத்துதல் வாழ்நாள் முழுதும் அழியாது. மழையும் முள்ளும் அதனை ஒன்றும் செய்யா. வெள்ளாட்டம் மிக்க எங்கள் ஆடுகளுக்கு அது நன்கு தெரியும், கருங்காதில் தெரியாது. மேலும் ஆட்டைப் பிடித்துக் காதைத் திருப்பினாலன்றிப் படிக்கவியலாது. காதுவில்லை (நம் பெண்டிர் ‘தோடு’ என்பர்) தூரத்தே தெரியும். ஆனால் வேலமுள்ளிற் சிக்கிக் காதைக் கிழித்துக்கொண்டு விழும். நுனியிற் குத்தாது, காதின் அடிப்புறம் தள்ளி, நரம்பு விலக்கிக் குத்தினால் அவ்விடர் குறையும். இரண்டும் செய்தல் நன்று என்பது என் கருத்து: பச்சை அழியாமைக்கு, வில்லை காண்டற்கு.

நம் நாட்டிலும் 2019இல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்புத் திட்டத்தின்வழிப் பன்னிரண்டு இலக்க எண்ணுடைய காதுவில்லை வந்துள்ளது. நம்மவருட் சிலர் ஆட்டுக்கு எதற்கு எண் என்று நகைத்து அதனைக் கழற்றி எறிகின்றனர். காப்பீடு செய்த ஆடு இறந்தால் வில்லையின்றி இழப்பீடு பெறவியலாது என்பதை அவர் இறந்த ஆட்டின் முன்னின்றே அறிகின்றனர்.

தந்தையாரின் மந்தை இப்போது என் தம்பியிடம் 18 ஆடுகளாக உள்ளது. அவன் மகள் தன் பள்ளிக் குறிப்பேடொன்றிற் கோடிட்டு, எண், தாயாட்டின் எண், ஈன்ற நாள், மடிக்குறை முதலியவற்றை எழுதி வருகின்றாள். சென்ற தையில் ஓர் ஆடு வில்லையை இழந்து வந்தது. உட்காதிற் குத்திய பச்சையைப் பார்த்து, ஏட்டில் அதன் வரியைக் கண்டுபிடித்து, புதிய எண்ணைப் பழைய எண்ணின் பக்கத்தே எழுதிக்கொண்டாள். பழையதை அடிக்கவில்லை, ஏன் என்று கேட்டேன். “பெரியப்பா, கீழே விழுந்த தோட்டை வேறொருவர் எடுத்துத் தம் ஆட்டுக்கு மாட்டினால் எப்படிக் கேட்பது?” என்றாள்.